பயிற்சியா, சம்பளமில்லா வேலையா?

(கிளைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தொழிற்பள்ளிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளுக்கு மோட்டார் மெக்கானிக் தொழிலைக் கற்றுக் கொடுக்கும் பள்ளியின் வரவு செலவை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம். அதோடு நாங்கள் செய்த ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அந்தத் தவறு விளங்காது. ஆகவே சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

ஏழைப் பிள்ளைகளுக்குத் தர்மமாகத் தொழில் கற்றுக் கொடுப்பது இந்நாட்டுக்குப் புதிதல்ல. மோன்போர்ட் சகோதரர்கள் 1959-இல் சிலாங்கூரில் சிறுவர் நகரைத் தொடங்கினார்கள். இனம் மதம் பாராமல் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 1954-இல் உருவான நமது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானில் ஒரு தொழில்நுட்பக் கழகத்தை நிறுவியது. அவற்றின் முன் எங்கள் பள்ளி ஒரு குடிசை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு வெறுமனே கிடந்த பழைய புகைக்கூடம்தான் பட்டறை. தரைக்குச் சிமெண்டு போட்டோம், தகரம் மாற்றினோம். பதினெட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். சுவரைத் தட்டினால் இன்றைக்கும் புகை வாடை வரும்.

இப்படிப்பட்ட பள்ளியில் கருவிகளுக்குத்தான் பணம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஸ்பேனரை ஒருமுறை வாங்கினால் காலமெல்லாம் உழைக்கும், காணாமற் போகாமலிருந்தால். அதற்காக ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் சுவரில் சாயத்தால் வரைந்து, அதன் மேலேயே மாட்டி வைத்திருக்கிறோம். மாலையில் எந்த உருவம் வெறுமையாய் நிற்கிறதோ, அந்தக் கருவி வந்து சேரும்வரை யாரும் சோற்றுக்குப் போக முடியாது. ஒரு பத்து எண் ஸ்பேனருக்காக ஒருநாள் இரவு ஒன்பது மணிவரை ஆசிரியர் உட்பட எல்லோரும் பட்டினி கிடந்தோம். அது ஆசிரியரின் காற்சட்டைப் பையிலேயே இருந்தது.

பணத்தைத் தின்பது சோறும் சம்பளமும்தான். பதினெட்டு வாலிபர்கள் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு வெளியே நாங்கள் கொடுப்பதைவிட அதிகம் கிடைக்கும். மனச்சாட்சிக்காக அவர் நம்மிடம் இருக்கிறார். மனச்சாட்சியை நம்பி எத்தனை நாளைக்குக் குறைந்த சம்பளம் கொடுக்கலாம் என்பது தொழிற்சங்கக்காரர்களாகிய நமக்குத் தெரியாததல்ல.

நன்கொடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கேட்டால் பழைய வண்டியைக் கொடுக்கிறார்கள். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் வைத்த வண்டி. அந்தக் காலத்து இயந்திரங்கள் பிரித்துப் பூட்டிப் பழக மிகவும் நல்லவை. ஆனால் அவற்றை மட்டும் கற்ற பிள்ளை இன்று பட்டறைக்குப் போனால் திகைத்து நிற்பான். இன்றைய வண்டிக்குள் கணினி உட்கார்ந்துகொண்டு பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. கோளாறு எங்கே என்று அறிய அதனோடு பேசும் கருவி வேண்டும். அந்தக் கருவியை எவரும் தானமாகத் தரவில்லை. துருப்பிடித்த வண்டிகள் மட்டும் ஏழு நிற்கின்றன. “வேண்டாம், ஐயா” என்று கும்பிட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று.

பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. உளி கொஞ்சம் ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாய்ப் போனால் மங்கில் பால் விழாது. அந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருக்கும் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் அவர்கள். சிலிண்டர் தலைப் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே மூச்சில் இறுக்காமல், சுற்றுச் சுற்றாய் அளவு பார்த்து இறுக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். நாங்கள் பேனா பிடித்த கைகள். முயன்று பார்த்தோம், வரவில்லை. பால்வெட்டுத் தோழர் ஒருவரின் மகன் இரண்டாம் நாளே செய்து காட்டினான்.

அந்தப் பையனுக்குத்தான் நாங்கள் அநியாயம் செய்தோம்.

சென்ற ஆண்டு நடுவில் கையிருப்பு தீர்ந்தது. மளிகைக் கடையில் மூன்று மாதக் கடன். வெளி வண்டிகளைப் பழுது பார்த்துச் சம்பாதிக்கலாம் என்று முடிவு செய்தோம். வண்டிகள் வந்தன, கடன் அடைந்தது, எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும், டயர் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும். எவன் வேகமாய்ச் செய்கிறானோ அவனையே அந்த வேலைக்கு நிறுத்தினோம். நான்கு மாதம் அவன் எண்ணெய் மாற்றினான். ஓர் இயந்திரத்தைக்கூடத் திறக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அவன் தகப்பனார் எழுந்தார். அதிகம் பேசாதவர். “கிராணி ஐயா, ஒரு சங்கதி கேக்கணும். எம்மவன் அங்க படிக்கிறானா, வேல செய்யிறானா? படிக்கிறான்னா என்னா படிச்சான்னு சொல்லுங்க. வேல செய்யிறான்னா சம்பளம் எங்க?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தோழர்களே, எங்களிடம் பதில் இல்லை. செக்ரோலில் பெயரில்லாமல் பிள்ளைகள் தாய் தகப்பனோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்த காலம் உண்டு. அதைக் கண்டித்து எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்! நிர்வாகங்களுக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறோம்! அதே காரியத்தைத் தர்மம் என்று பெயர் வைத்து நாங்களே செய்தோம். துரையின் நாற்காலியில் உட்கார்ந்தால் துரையின் புத்தி வருகிறது.

அதன்பின் மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறோம். வெளி வேலை வாரத்தில் இரண்டு நாள் மட்டும். அதுவும் அந்த வாரப் பாடத்துக்குப் பொருந்தும் வேலையாக இருக்க வேண்டும். அதில் வரும் கூலியில் பாதி பையனின் சேமிப்புப் புத்தகத்துக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு: என்ன வேலை, எத்தனை முறை, யார் மேற்பார்வை என்று ஆசிரியர் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

இந்தப் பதிவேடு வெறும் சடங்கல்ல. எங்கள் பள்ளி கொடுக்கும் தாளை வெளியில் எவரும் மதிக்கமாட்டார்கள். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ்தான் செல்லும். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயின்று அதைப் பெறலாம். வேலையில் பெற்ற திறமையை ஆதாரங்களோடு காட்டிப் பெறும் வழியும் இருக்கிறது. ஆதாரம் என்றால் இந்தப் பதிவேடுதான் முதலில். தகப்பனார் கேட்ட கேள்விக்கு அவர் மகனின் ஏடு இப்போது பதில் சொல்லும். கடைசியாய் எழுதியிருப்பது டீசல் இயந்திரத்தின் வால்வு இடைவெளி சரிபார்த்தல்.

மாற்றத்தின் விலையையும் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்தது. மளிகைக் கடன் திரும்பி வந்துவிட்டது. வெளி வேலையை நான்கு நாளாக்கலாம் என்று குழுவில் இருவர் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், கடைக்காரர் முகத்தில் விழிப்பவர்கள் அவர்களே. நாங்கள் மற்ற ஐவரும் அதற்கு இணங்கவில்லை. விடுதியை மூடிவிடலாம் என்றால், பேருந்து போகாத தோட்டத்துப் பிள்ளைகள்தாம் முதலில் நின்றுபோவார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். லயத்துக் குடும்பங்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினோம். இப்போது நாங்கள் கேட்பது ஓர் உறுப்பினருக்கு மாதம் இரண்டு வெள்ளி. சந்தாவோடு சேராமல் தனி ரசீதில் கட்டலாம். விரும்பாதவர் கட்ட வேண்டியதில்லை. சோற்றுக்கும் சம்பளத்துக்கும் அது போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கணினிக் கருவிக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

கணக்குப் புத்தகமும் பதினெட்டு ஏடுகளும் இந்த மேசைமேல் இருக்கின்றன. தங்கள் பிள்ளையின் ஏட்டைப் பெற்றோர் எடுத்துப் பார்க்கலாம். வாக்கெடுப்புக்கு முன் எவருக்கேனும் கேள்வி இருந்தால் இப்போது எழுந்து கேட்கும்படி வேண்டுகிறோம்.