கற்பாரின் பசி



பல்கலைக்கழகத்தில் பயில்வோர் பசித்திருப்பர் என்று எவரும் எளிதில் எண்ணுவதில்லை. ஆயினும் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள், 1993ஆம் ஆண்டிலேயே தம் தோழர்க்கென உணவு வங்கி ஒன்றை நிறுவினர். கட்டணமும் வாடகையும் செலுத்தியபின் எஞ்சும் சிறு தொகையில் முதலில் குறைவது உணவே. அரசின் உணவு உதவிக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடிய மாணவருள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் 2016இல் அதனைப் பெற்றதாகத் தெரிவிக்கவில்லை என்று அந்நாட்டு அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2018இல் அறிக்கை தந்தது. விதிகளை அறியாமை ஒரு காரணம். நாணம் மற்றொரு காரணம்.

ஆதலின் இத்தகைய உணவு வங்கிகளில் தொண்டாற்றுவோர் பணி பொருளை எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. உப்பிய தகர டப்பாக்களை நீக்குவர். தேதி பார்த்து, முந்தியதை முன்னும் பிந்தியதைப் பின்னும் அடுக்குவர். பின்னர் விலகி நிற்பர். வருவோர் தாமே தேர்ந்துகொள்வர். சமையலறை இல்லாதவர் அடுப்பு வேண்டாத உணவை எடுப்பர்; புலால் உண்ணாதவர் அரிசியும் பருப்பும் எடுப்பர். வறுமைக்குக் காரணம் வினவுவார் இல்லை.

நேற்று வகுப்பில் அருகமர்ந்தவரே இன்று பையுடன் வந்து நிற்கலாம். மறுநாள் அதனை எவரிடமும் பேசாதிருப்பதும் தொண்டே. அரிசி தீர்ந்தால் மீண்டும் நிரப்பலாம். நாணி ஒருவர் வாராது நின்றுவிட்டால், அவர் பசியை எந்த அலமாரியும் தீர்க்காது. ஆகவே, ஈகைக்கு முன் வேண்டுவது நாவடக்கம்.