தொட்டுப் பார்க்கக் கொடுத்த கணினி

தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகவே ஒரு கணினி பிறந்தது உங்களுக்குத் தெரியுமா? மக்களுக்குக் கணினியைக் கற்றுத்தர பிபிசி ஒரு தொடரைத் திட்டமிட்டது. அதற்கான கணினியைச் செய்து கொடுத்தது, 1978-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கிய ஏகார்ன் என்ற சிறிய நிறுவனம். 1981 இறுதியில் 'பிபிசி மைக்ரோ' வெளிவந்தது. 12,000 விற்கும் என்று கணக்குப் போட்டார்கள், விற்றதோ 1.5 மில்லியன்! அங்கே 1985-ல் உருவான 'ஆர்ம்' சில்லின் வாரிசுதான் இன்று நம் கைத்தொலைபேசிகளில் இருக்கிறது. ஏகார்ன்தான் இல்லை.

ஆனால் ஊர் அதை மறக்கவில்லை. 2013-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்த கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், 1980-களின் வகுப்பறை ஒன்றையே அமைத்து பிபிசி மைக்ரோக்களை வரிசையாக வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி கிடையாது. பிள்ளைகள் உட்கார்ந்து தட்டலாம். விசையைப் போட்டதும் இரட்டை ஒலி எழுப்பி அது கண்விழிக்கும்.

பலர் தொட்டால் பழுதாகாதா என்பீர்கள். ஆகும்தான். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை அதுவும் காட்சிதான் என்பேன் நான்.

எங்கள் வீட்டின் முதல் கணினியைக் காராங்குனிக்காரரிடம் ஐந்து வெள்ளிக்குக் கொடுத்தோம். என் பெயரை நான் முதன்முதலாகத் தட்டியது அதில்தான். அப்பா இன்னும் அந்த ஐந்து வெள்ளியைப் பற்றிப் பேசுவார்.