மருத்துவம் படிக்கும் முன்னே



பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் நாம் கேட்பதெல்லாம், நீட் தேர்வில் 720க்கு எத்தனை வரும் என்பதுதான். நோயாளி ஒருவர் அருகில் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறாயா என்று கேட்பதில்லை. இந்த அனுபவத்துக்கு நம் நாட்டில் மதிப்பெண் கிடையாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் இதை விசாரிக்கின்றன. அங்கேயும் மணிக்கணக்கை நிரப்பவே போகிறவர்கள் உண்டு, அது வேறு கதை.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி இருந்தார். போர்க்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்றார். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியவில்லை. மருத்துவமனையில் சமூகப் பணியாளரானார். 1948இல், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த போலந்து நாட்டு யூத அகதி டேவிட் தாஸ்மாவை அடிக்கடி போய்ப் பார்த்தார். சாகும் தறுவாயில் இருப்போருக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். தாஸ்மா அவருக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார்.

பின்னர் சிசிலி, புனித லூக்கா பெயரிலிருந்த ஓர் இல்லத்தில் மாலை வேளைகளில் தொண்டு செய்தார். அக்கால மருத்துவமனைகளில் வலி திரும்பி வந்து நோயாளி கெஞ்சிய பிறகே மருந்து கொடுப்பது வழக்கமாக இருந்தது. இந்த இல்லத்திலோ வலி தலைதூக்கும் முன்பே, குறித்த நேரத்துக்கு மருந்து கொடுத்தார்கள். கட்டிலருகே நின்றதால்தான் இந்த வித்தியாசம் அவர் கண்ணில் பட்டது. இதை மாற்ற வேண்டுமானால் நீங்களே மருத்துவராகுங்கள் என்றார் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட். 1951இல், 33 வயதில், சிசிலி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெற்றபின், கத்தோலிக்க அருள்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் அதே முறையைப் பல நோயாளிகளிடம் கவனித்துப் பதிவு செய்தார். 1967இல் அவர் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம்தான் இன்றைய நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு முன்னோடி.

நீட் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களில், பக்கத்து முதியோர் இல்லத்தில் அனுமதி கேட்டு நம் பிள்ளைகளை அனுப்பலாம். ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ அவர்களுக்கு உரிமையில்லை. கஞ்சி ஊட்டலாம், விரிப்பு மாற்ற உதவலாம், ஒரே கதையைப் பத்தாம் முறை சொல்பவருக்குக் காது கொடுக்கலாம். நாலு நாள் போய்வந்து, "எனக்கு இது ஒத்துவராதும்மா" என்று மகள் சொன்னால், அதையும் பொறுமையாகக் கேட்போம். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பிறகு, அவளுக்கு அதைச் சொல்லத் துணிவு வராது.