எண் பெற்ற எந்திரங்கள், பெயர் பெறாத மனிதர்கள்



போர்க்கால வாகனங்களைப் பழுதுநீக்கிப் பாதுகாப்பது பற்றியும், போர் நடந்த இடங்களைச் சென்று காண்பது பற்றியும் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். மொழிக்கென அமைந்த மேடையில் இரும்புக்கு என்ன வேலை என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். எமக்கும் அவ்வெண்ணம் முதலில் எழுந்தது. ஆயினும், பழைய இரும்பு தானாகப் பேசுவதில்லை. அதனருகே நாம் எழுதிவைக்கும் சொற்களே அதற்கு நாவாகின்றன. ஆதலால் இதுவும் மொழிப்பணியே என்று தெளிந்து வந்து நிற்கிறோம்.

நம் தீவிலிருந்தே தொடங்குவோம். புக்கிட் தீமாவிலுள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலையைத் தங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வண்டிகளைப் பொருத்துவதற்காக 1941 அக்டோபரில் திறக்கப்பட்ட ஆலை அது. நான்கு திங்கள் கழித்து, 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அக்கட்டடத்தின் ஓர் அறையில்தான் தளபதி பெர்சிவல் தளபதி யமாஷித்தாவிடம் சரணடைந்தார். அதன்பின் அதே கூடத்தில் நிசான் நிறுவனம் ஜப்பானியப் படைக்கு லாரிகளைப் பொருத்தித் தந்தது. கூரை மாறவில்லை; அதன்கீழ் உருவான வண்டிகள் யாருக்குப் பயன்பட்டன என்பது மாறிற்று.

அவ்விடத்தில் 2017ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்ட கண்காட்சிக்கு முதலில் இட்ட பெயரில் ‘சியோனான்’ என்னும் சொல் இருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் சிங்கப்பூருக்குச் சூட்டிய பெயர் அது. அக்காலத்தை வாழ்ந்து கடந்த முதியோரும் அவர்தம் வழிவந்தோரும் வருந்தினர். திறப்பு விழாவையொட்டிய சில நாள்களுக்குள்ளேயே அச்சொல் நீக்கப்பட்டது. காட்சிப்பொருள் எதுவும் இடம் மாறவில்லை. ஒரே ஒரு சொல் மாறியது. அதற்காக ஓர் ஊரே பேசியது. வரலாற்று இடத்தில் ஒரு சொல்லுக்குள்ள கனம் எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

இனி, வாகனங்களைப் புதுப்பிக்கும் கலைக்கு வருவோம். துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு கவச வாகனம் பட்டறைக்கு வருகிறது. அறிந்த கைவினைஞர் உடனே புது வண்ணம் பூசமாட்டார். பழைய வண்ணத்தை அடுக்கடுக்காக மெல்லச் சுரண்டிப் பார்ப்பார். மேலடுக்கின்கீழ் வேறொரு படைப்பிரிவின் குறி தெரியலாம். முதலில் எழுதிய வண்டி எண் தெரியலாம். எந்த உறுப்பு பழையது, எது புதிதாகச் செய்து பொருத்தியது என்பதைக் குறித்துவைப்பார். எல்லாவற்றையும் பளபளப்பாக்கிவிட்டால் வண்டி அழகாக ஓடும். ஆனால் சான்று அழிந்துபோகும்.

தமிழ் கற்போர்க்கு இது புதிய நெறியன்று. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் செய்தது இதுவே. பல ஏடுகளை ஒப்பிட்டார், பாடவேறுபாடுகளைக் குறித்தார், சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பாமல் சிதைந்ததாகவே காட்டினார். புறநானூற்றில் 267, 268 என்னும் எண்களுக்குரிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. இங்கே ஏதோ இருந்தது, அதை இழந்துவிட்டோம் என்று அவ்வெறுமை நமக்குச் சொல்கிறது. நிரப்பாமையும் மறைக்காமையும் பதிப்பாசிரியர்க்கு மட்டுமன்றிப் பழைய எந்திரத்தைத் தொடுவோர்க்கும் உரிய அறங்களாகும்.

இவ்வறத்தைக் கையில் கொண்டு, நம் இனத்தின் கண்ணீர் படிந்த ஓர் எந்திரத்தைக் காண்போம். ஜப்பானில் 1930களில் செய்யப்பட்ட ‘சி56’ என்னும் நீராவி எந்திர வகையில் 90 எந்திரங்கள் போருக்காகத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பப்பட்டன. ஜப்பானிய இருப்புப்பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். இங்குள்ள பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். ஆகவே அவற்றின் சக்கர அமைப்பைக் குறுக்கி அனுப்பினார்கள். அவை ஓடிய பாதைகளுள் ஒன்றுதான் நம் மூத்தோர் ‘சயாம் மரண ரயில்’ என்று சொல்லும் பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் கிழக்குக்கரை இருப்புப்பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அங்கே சென்றன. தண்டவாளங்கள் சென்ற திசையிலேயே தோட்டத்து மக்களும் சென்றார்கள். கூலி தருவதாகச் சொல்லிச் சிலரை அழைத்தனர். பலரை வலிந்து பிடித்தனர்.

போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1979இல், அவ்வெந்திரங்களுள் இரண்டு ஜப்பானுக்குத் திரும்பின. 31ஆம் எண் எந்திரம் தோக்கியோவின் யாசுக்குனி ஆலய வளாகத்தில் காட்சிக்கு நிற்கிறது. 44ஆம் எண் எந்திரம் பழுதுநீக்கப்பட்டு, ஓய் ஆற்றங்கரைப் பாதையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடியது. அதே வகையைச் சேர்ந்த இன்னோர் எந்திரம் காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்தருகே நிற்கிறது. ஒரே வகை இரும்பு ஓரிடத்தில் படைவீரர் நினைவாகவும், ஓரிடத்தில் குழந்தைகளின் களிப்பாகவும், ஓரிடத்தில் துயரின் சான்றாகவும் நிற்பதைக் காண்கிறோம். ஒவ்வோர் எந்திரத்துக்கும் எண் உண்டு. பிறந்த ஆண்டு உண்டு. சென்ற வழியும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழு ஒன்றை அழைத்துக்கொண்டு காஞ்சனபுரிக்குச் சென்றோம். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கிறார்கள். கல்தோறும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். புல்தரை பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்தது. மாணவி ஒருத்தி வரிசை வரிசையாக நடந்து திரும்பி வந்து, “ஐயா, எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் எந்தப் பக்கம் இருக்கும்?” என்று கேட்டாள். அவர் ரப்பர்த் தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர். எம்மிடம் விடையில்லை. அந்த வெயிலில் அவள் முன்னே தலைகுனிந்து நின்றோம்.

அப்பெயர் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. போர்க்கைதிகளிடையே படை அதிகாரிகள் இருந்தார்கள். அவர்கள் பெயர்ப்பட்டியலை மறைத்து வைத்துக் காத்தார்கள். போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுகச் சென்று கைதிகளின் புதைகுழிகளைத் தேடிப் பதிந்தது. தோட்டத் தொழிலாளர்க்குப் பட்டியல் எழுத ஒருவரும் இல்லை. தேடிச் செல்லவும் ஒருவரும் இல்லை. 60,000க்கும் மேற்பட்ட கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று கணக்குண்டு. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகைக்கோ மதிப்பீடுகளே உண்டு. 90,000 என்பர் சிலர், அதனினும் மிகுதி என்பர் சிலர். கணக்கே இல்லாமற் போனது அம்மக்கள் மேல் விழுந்த இரண்டாவது சாவு.

ஆனால் தமிழ் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. கல் செய்யாததைக் கதை செய்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் எழுதினார்கள். பின்னர் 2023 மே திங்களில் காஞ்சனபுரியின் ஓர் ஆலய வளாகத்தில், இறந்த தமிழர்க்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. இறந்தோர்க்குக் கல் எடுத்தலைத் தொல்காப்பியம் முறைப்படுத்திச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் மரபு அது. எண்பது ஆண்டுகள் காத்திருந்த கடன் அன்று ஒரு சிறிதேனும் தீர்ந்தது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களைப் போர்க்கால இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். கிராஞ்சிக்குச் செல்லுங்கள், அங்குள்ள சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன, அவற்றுள் இந்தியப் படைவீரர் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். எந்த எந்திரத்தின்முன் நின்றாலும் மூன்று வினாக்களை எழுப்பச் சொல்லுங்கள்: இதைச் செய்தவர் யார்? ஓட்டியவர் யார்? இதற்காக மாண்டவர் யார்? விளக்கப் பலகை முதல் இரண்டுக்கு விடை தந்து மூன்றாவதற்கு வாய்திறவாது நின்றால், அவ்விடத்தைப் புறநானூற்றின் வெற்றெண்போல் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, நாவல் கதையைக் காத்தது. பெயரைக் காக்கும் பணி உங்களுடையது. இன்றிரவே உங்கள் வீட்டு மூத்தோரிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் யார் சயாமுக்குப் போனார்? எந்தத் தோட்டத்திலிருந்து? உடன் சென்றவர் யார்? பெயரை, ஊரை, தோட்டத்தை, அவர்கள் சொல்லும் அதே சொல்லில் எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அந்த ஒரு தாளை வகுப்பில் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள்.

எம்மிடம் அன்று வினவிய மாணவி, ஊர் திரும்பியபின் தன் பாட்டியாரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வந்தாள். அதில் ஒரு பெயர் இருந்தது. ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தது. இறந்த நாளுக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. அத்தாளை இருகையாலும் வாங்கிக்கொண்டோம்.