எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி: ஒரு அம்பாசடர் கேஸ்

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். தாத்தாவோட பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். காலையில எடுத்தா நல்லா போகுது. 20 நிமிஷம் ஓடினதும் மிஸ்ஸிங் அடிக்குது, பிக்கப்பே இல்ல. நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு வந்தா திரும்ப ஓடுது. எஞ்சினை இறக்கி போர் பண்ணணும், 70,000 ஆகும்னு மெக்கானிக் சொல்லிட்டார். அதுக்கு வித்துடலாமேங்கிறார் அப்பா.

கொஞ்சம் பொறுங்க. இந்த எஞ்சின் 1950கள்ல இங்கிலாந்துல வந்த டிசைன். சென்சார் கிடையாது, எர்ரர் கோடு கிடையாது. அறிகுறிதான் நமக்கு லாக் ஃபைல். அது என்ன சொல்லுது? தேஞ்சு போன ரிங், டீ குடிக்கிற நேரத்துல சரியாகாது. சூடானா வந்து, ஆறினா போற பிரச்சினைன்னா முதல் சந்தேகம் ஸ்பார்க், அடுத்தது பெட்ரோல்.

இதை வண்டி மக்கர் பண்ற அந்த நிமிஷத்துல பார்த்தாதான் உண்டு. ஷெட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடும், எல்லாம் சரியா இருக்கும். ஒரு உதிரி பிளக்கை வண்டியிலேயே வைங்க. மிஸ்ஸிங் வந்ததும் ஓரங்கட்டி, இக்னிஷனை ஆஃப் பண்ணி, ஒரு பிளக் வயரைக் கழட்டி அதுல உதிரி பிளக்கை மாட்டுங்க. பிளக்கோட உலோகப் பகுதி எஞ்சின்ல நல்லா படணும், கார்புரேட்டர் பக்கம் வேண்டாம். கையால பிடிக்காதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட். இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க.

ஸ்பார்க் மஞ்சளா, சோகையா வந்தா காயில் இல்லன்னா கண்டென்சர். நான் முதல்ல கண்டென்சரைத்தான் மாத்துவேன், விலை கம்மி. விரல் நுனி அளவு டப்பா அது. பாயின்ட் திறக்குறப்போ அங்க பொறி தாவாம தடுத்து, காயில்ல ஓடுற கரண்ட்டைச் சட்டுன்னு நிறுத்துறது அதோட வேலை. அந்தச் 'சட்டுன்னு'லதான் ஸ்பார்க்கே பிறக்குது. சூடானா மட்டும் கைவிடுற கண்டென்சர் நிறைய உண்டு. பாயின்ட் முகம் கருகியிருந்தா சந்தேகம் இன்னும் கூடும். மாத்தும்போதே பாயின்ட் கேப்பை ஃபீலர் கேஜ் வச்சு சுமார் 0.4 மி.மீ.ல நிறுத்திடுங்க.

ஸ்பார்க் நீலமா, 'பட் பட்'னு வந்தா அடுத்தது பெட்ரோல். எஞ்சின் சூட்டுல குழாய்க்குள்ளயே பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். குழாய் மேல ஈரத்துணி போடுங்க. உயிர் வந்தா விஷயம் அதுதான்.

இதுக்கு நடுவுல கார்புரேட்டர் ஸ்க்ரூவை யாரும் திருகக் கூடாது. நாலு மாற்றத்தை ஒண்ணா டிப்ளாய் பண்ணிட்டு எது சரி பண்ணுச்சுன்னு தேடுற கொடுமை நமக்குத் தெரியாததா?

அந்த 70,000? கொடுக்குறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்க. எந்த சிலிண்டர்ல குறையுதோ அதுல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். அளவு ஏறினா ரிங், போர் தேய்மானம். ஏறலன்னா வால்வ் இல்ல கேஸ்கெட், அதுக்கு போர் வேலையே தேவையில்ல. நாலு சிலிண்டர் அளவையும் எழுதி எனக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் ஆர்சி புக் பாட்டியோட பீரோவுலயே இருக்கட்டும்.