தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணியா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்ரீரங்கத்துக்கு ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். ஆனாலும் ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் தண்ணி கலங்கிப் போகுது. 2005 நவம்பர் வெள்ளத்தில் திருச்சியின் பல பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நாட்களில் சுற்றிலும் தண்ணி, குடிக்கத்தான் தண்ணி இல்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நமக்கு வேலையும் போச்சு, குழுக் கடன் தவணையும் தள்ளிப் போச்சு.

நம் பாட்டிமார்கள் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் இழைத்து விட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்கிறது. விதையில் உள்ள புரதம் மண் துகள்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து அடியில் படிய வைக்கிறது.

செய்முறை இதுதான். மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றை எடுத்து, விதையின் மேல்தோலை நீக்கி, வெள்ளைப் பருப்பை இடியுங்கள். பத்து லிட்டருக்குக் கலங்கல் குறைவென்றால் 5 விதை, அதிகமென்றால் 10 விதை. பொடியைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேல் தண்ணியை மட்டும் இறுத்து எடுங்கள்.

இதோடு வேலை முடியவில்லை. மண்ணோடு கிருமிகளும் பெருமளவு படியும், ஆனால் எல்லாம் போகாது. ஆகவே நன்கு கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும். ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், விதைச்சத்து கெட்டு நாற்றம் வரும்.

அடுத்தது கொட்டாங்குச்சிக் கரி. ஆலையில் இந்தக் கரியை 900 டிகிரி வரை சூடாக்கி நீராவி செலுத்தும்போது உள்ளே நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 25 சென்ட் நிலம் அளவு வரும்! நிறமும் நாற்றமும் தரும் பொருள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் பரப்புக் கவர்தல் என்கிறோம். அடுப்புக் கரிக்கு இந்தத் திறன் மிகக் குறைவு. ஆலைக் கரியும் நிறைந்ததும் மாற்றணும், இல்லாவிட்டால் அதிலேயே கிருமி வளரும்.

உப்பையும் புளோரைடையும் முருங்கை விதையோ கரியோ நீக்காது. செம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் தொழில் பல்லாண்டு நடந்த இடம். அதில் பயன்படும் குரோமியம் தண்ணீரில் கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. நெல் உமி, வேப்பிலை, மரத்தூள் இவற்றால் குரோமியத்தைப் பிரிக்கலாம் என்று ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தண்ணீரின் புளிப்புத்தன்மையைச் சரியாக வைத்தால்தான் நடக்கும். விஷம் ஏறிய உமியை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் உண்டு. நம் வீட்டுக் குடத்தில் செய்கிற காரியம் அல்ல இது.

முருங்கை விதைப் பொடி விற்கலாமா என்று சில குழுக்கள் கேட்கிறீர்கள். விற்கலாம். "கலங்கலைத் தெளிய வைக்கும், பிறகு கொதிக்க வையுங்கள்" என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்போம். "எல்லா நச்சும் நீங்கும்" என்று போட்டால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நம் கூட்டமைப்பின் பெயர் கெட்டுவிடும்.

போர் தண்ணி குடிக்கும் பகுதிக் குழுக்கள் தண்ணீர் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். முடிவை அடுத்த கூட்டத்தில் எல்லாரும் அறியப் படிப்போம்.