படகு வண்டியின் பிரேக்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் முதலிய உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். கடலில் ஓடவேண்டிய படகுகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழி சென்று, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தன. தரைவழி செல்லும் படகுக்கு அதனைச் சுமக்கும் வண்டியே துணை. அவ்வண்டி ஓடினால் மட்டும் போதாது. வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும்.

பெரிய லாரிகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் உண்டு. ஜீப்பின் பின்னே இழுத்துச் செல்லும் படகு டிரெய்லர்கள் பலவற்றில் எண்ணெய் பிரேக் அமைந்திருக்கும். முன்வண்டியின் வேகம் குறையும்போது, டிரெய்லர் தன் பளுவினால் முன்னோக்கித் தள்ளும். அத்தள்ளுதல் இணைப்பிலுள்ள மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அவ்விதிப்படி அழுத்தம் குழாய்வழியே சக்கரங்களைச் சென்றடைந்து வண்டியை நிறுத்துகிறது.

இவ்வமைப்புக்குப் பகை இரண்டு. ஒன்று உப்பு. படகை இறக்குவதற்காக டிரெய்லரை உப்பு நீரில் இறக்குகிறோம். எஃகுக் குழாய் சட்டத்தோடு பிணைந்துள்ள கிளிப்புகளின் அடியில், கண்ணுக்குப் புலனாகாமல் துரு அரித்துக்கொண்டே இருக்கும். மற்றொன்று காற்று. திரவம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கிவிடும். குழாயில் காற்று புகுந்தால், நாம் தரும் அழுத்தம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். பிரேக் எண்ணெய் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகைப் புது எண்ணெயின் கொதிநிலை 205 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாதென்பது தர விதி; ஈரம் சேர்ந்த எண்ணெய்க்கு அவ்வெல்லை 140 டிகிரியே. நெடிய இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால், அந்த ஆவியும் காற்றைப் போலவே சுருங்கி நம்மைக் கைவிடும்.

அரித்த குழாயை ஒட்டுப்போட்டு ஓட்டலாகாது. முழுவதும் மாற்றுவதே முறை. செம்பும் நிக்கலும் கலந்த குழாய் உப்பைத் தாங்கும். அதன் முனைகளை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்துதல் வேண்டும். வெடிப்புக் கண்ட ரப்பர் ஹோசையும் உடன் மாற்றுக.

அடுத்தது காற்றை வெளியேற்றுதல். பட்டறையில் இதனை 'ஏர் எடுப்பது' என்பர். இதற்கு இருவர் வேண்டும். வண்டி நகராதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குக. அச்சக்கரத்தின் நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது எண்ணெய் ஊற்றிய புட்டியில் அமிழ்த்துக. ஒருவர் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சற்றே திறத்தல் வேண்டும். எண்ணெயோடு குமிழிகள் வெளிப்படும். அழுத்தத்தை விடுவதற்கு முன்னரே நிப்பிளை மூடிவிட வேண்டும். இன்றேல் வெளியே போன காற்று மீண்டும் உள்ளே புகும். குமிழி அறவே நிற்கும்வரை இவ்வாறு செய்து, பின்னரே அடுத்த சக்கரத்துக்குச் செல்லுக. தொட்டியில் எண்ணெய் வற்றினால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும். புட்டியில் வடிந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றலாகாது.

வேலை முடிந்ததும் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்த்து, சமதரையில் மெதுவாக ஓட்டிச் சோதித்தல் நன்று. சூடேறிய சக்கரம் நீரில் பட்டதும் குளிர்ந்து, உப்பு நீரை உள்ளிழுக்கும். ஆதலால் அது ஆறிய பிறகே வண்டியை நீரில் இறக்குக. கரையேறியதும் நல்ல நீரால் கழுவிவிடுக.

பிற மாநிலங்களின் பட்டறைகளிலும் துறைமுகங்களிலும் உழைக்கும் நம்மவர் பலர். அவர்கள் கைப்பட்ட வண்டியின் பின்னும் முன்னும் முகமறியாத மனிதர் சாலையில் செல்கின்றனர். அவர்களின் உயிர் அந்தச் சிறு குழாயை நம்பியிருக்கிறது என்பதை நினைவில் கொண்டு, கடைசிக் குமிழி நீங்கும்வரை பொறுமை காத்தல் நம் கடமையாகும்.